நாள் தள்ளும் முன்பே தொடங்க வேண்டிய மாத்திரை
வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கேள்வி: ஆவணியில் எனக்குக் கல்யாணம். குழந்தையைத் தள்ளிப்போடும் எண்ணமில்லை. ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இப்போதே தொடங்கச் சொல்கிறாள் தோழி. "நாள் தள்ளின பிறகு டாக்டரே எழுதித் தருவார்" என்கிறார் அத்தை. மெடிக்கலில் கேட்டேன், 5 மில்லிகிராம் அட்டை கொடுத்தார்கள். போடலாமா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: தோழி சொல்வதுதான் சரி. கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பாவது தொடங்கிவிடுங்கள்.

நாள்கணக்கைப் பாருங்கள். கடைசி மாதவிலக்கு ஜூன் 1 என்று வைத்துக்கொள்வோம். கரு தரிப்பது சுமார் ஜூன் 15. நாள் தள்ளியது தெரிய ஜூன் 29 தாண்ட வேண்டும். மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழல், கரு தரித்த 28 நாளுக்குள், அதாவது ஜூலை 13 வாக்கில் மூடிவிடுகிறது. விரிந்த வாழையிலை மறுபடி குருத்தாகச் சுருளுமானால் எப்படியிருக்கும்? அப்படித்தான் தட்டையான ஒரு படலம் ஓரங்கள் எழும்பி, சேர்ந்து, குழலாகிறது. "45 நாள் ஆகட்டும், டாக்டரிடம் போகலாம்" என்று வீடுகளில் சொல்கிறோமே, அந்த 45-வது நாள் ஜூலை 15. அதற்குள் வேலை முடிந்துவிட்டது.

அந்த நாட்களில் செல்கள் மளமளவென்று பெருக ஃபோலேட் என்ற பி வைட்டமின் வேண்டும்; அதன் மாத்திரை வடிவம்தான் ஃபோலிக் ஆசிட். குழல் கீழ்ப்பகுதியில் மூடாமல் போனால் முதுகுத்தண்டுப் பிளவு: கால் பலவீனம், சிறுநீர், மலம் அடக்க முடியாமை. மேல்பகுதியில் மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் சரியாக உருவாகாது, குழந்தை பிழைக்காது. எல்லாவற்றையும் மாத்திரை தடுத்துவிடாது. ஆனால் பெரும்பகுதியைத் தடுக்கும்.

உங்களுக்கு வேண்டியது தினம் 400 மைக்ரோகிராம், அதாவது 0.4 மில்லிகிராம். கையிலிருப்பது அதைப்போல் பன்னிரண்டரை மடங்கு. சில நாள் போட்டிருந்தாலும் பயம் வேண்டாம்; ஆனால் அட்டையில் 400 அல்லது 0.4 என்று பார்த்து மாற்றி வாங்குங்கள். அசைவமே சாப்பிடாதவர்களுக்கும், சினைப்பை நீர்க்கட்டிக்கோ (பி.சி.ஓ.டி.) சர்க்கரைக்கோ மெட்ஃபார்மின் போடுபவர்களுக்கும் பி12 வைட்டமின் குறைவாக இருக்கலாம். அவர்கள் அதிக அளவில் ஃபோலிக் ஆசிட் போட்டால் ரத்தசோகை மட்டும் சரியானது போலத் தெரியும். உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். கை, கால் மரத்துப்போனால் பி12 பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

5 மில்லிகிராம் யாருக்கு? முன்பு நரம்புக் குழல் மூடாத குறையுள்ள கரு உண்டானவர்கள், கணவன் மனைவி இருவரில் ஒருவருக்கு அந்தக் குறை இருப்பவர்கள், கருத்தரிக்கும் முன்பே சர்க்கரை உள்ளவர்கள், வலிப்பு மாத்திரை போடுபவர்கள், உடல் பருமன் அதிகம் உள்ளவர்கள். இவர்களும் டாக்டர் எழுதிக்கொடுத்துத்தான் போட வேண்டும். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை போடுபவர்கள் கருத்தரிக்கும் முன்பே நரம்பியல் மருத்துவரைப் பார்த்து மாத்திரையை மாற்ற முடியுமா என்று கேட்பது கட்டாயம். தானாக நிறுத்தவே கூடாது.

கேள்வி: முருங்கைக்கீரை, காராமணி, மல்லாட்டை (நிலக்கடலை) எல்லாம் வீட்டில் இருக்கும்போது மருமகளுக்கு மாத்திரை எதற்கு?
– வாசகி, பண்ருட்டி

பதில்: அம்மா, நீங்கள் சொன்ன மூன்றிலும் ஃபோலேட் உண்டு. அந்தப் பெயரே இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆனால் அது தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். கீரையை அரிந்த பிறகு அலசி, வேகவைத்துத் தண்ணீரை இறுத்தால் பாதி சத்து வாய்க்காலுக்குப் போய்விடும். மிஞ்சியதையும் உடம்பு மாத்திரை அளவுக்கு எடுத்துக்கொள்வதில்லை. கீரையை அரியும் முன் அலசுங்கள், கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு வேகவையுங்கள், காராமணி வெந்த தண்ணீரை ரசத்தில் சேருங்கள். மருமகள் மாத்திரையும் போடட்டும்.

கேள்வி: எதிர்பாராமல் கரு தரித்து 55 நாள் ஆகிவிட்டது. ஒரு மாத்திரைகூடப் போடவில்லை. அழுகையாக வருகிறது.
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: அழாதீர்கள். மாத்திரையே போடாத தாய்மாருக்கும் பெரும்பாலும் நல்ல குழந்தைதான் பிறக்கிறது. நரம்புக் குழல் மூடாத குறை அபூர்வம். இன்றே 400 மைக்ரோகிராம் தொடங்கி 12 வாரம் முடியும்வரை போடுங்கள். கருத்தரிக்கும் முன் மாத்திரை போடவில்லை என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன், 18 முதல் 20 வாரத்துக்குள் இன்னொன்று. மண்டையோடு உருவாகாத குறை பெரும்பாலும் முதல் ஸ்கேனிலேயே தெரியும். முதுகுத்தண்டை இரண்டாவதில் நன்றாகப் பார்ப்பார்கள். எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர் மருத்துவமனையிலோ உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உடனே பதிவு செய்யுங்கள்.

கேள்வி: காலையில் மாத்திரை போட்டதும் வாந்தி. ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடலாமா?
– வாசகி, வடலூர்

பதில்: இரண்டு வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். வாந்தி இருந்தால் ராத்திரி சாப்பிட்டுப் படுக்கப் போகும்போது போடுங்கள். நான்காம் மாதம் முதல் நர்ஸம்மா தரும் சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிடும் சேர்ந்தே இருக்கிறது. டாக்டர் சொன்னாலன்றித் தனியாக இன்னொன்று தேவையில்லை. இந்தச் சத்து மாத்திரையை டீ, காபி, பாலோடு போடாதீர்கள். கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பாகப் போனால் அது இரும்பின் நிறம்தான்.