பாதி நேரமா, பாதித் தூரமா? இயக்கம் பற்றிய கேள்வி பதில்

இன்று இயக்கம் மட்டும். சீரான ஆர்முடுகல் (வேகம் ஒரே வீதத்தில் கூடுவது) என்று கேள்வியில் இல்லாவிட்டால், சராசரி காண இரண்டு வேகத்தைக் கூட்டி இரண்டால் பிரிக்க வேண்டாம். ஊர்ப் பெயரோடு கேளுங்கள்.

ஏறாவூர்: மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு மணிக்கு 40 கிலோமீற்றரில் போய், 60இல் திரும்பினால் சராசரி 50 தானே சேர்?

இல்லை, 48. தூரம் 40 கிலோமீற்றர் என்று வைப்போம். போக ஒரு மணித்தியாலம், வர 40 நிமிடம். மெதுவாக ஓடும்போதுதான் கூடுதல் நேரம் ரோட்டில் இருக்கிறீர்கள். இது சராசரிக் கதி, மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் பிரிப்பது. திசையையும் சேர்த்துப் பார்க்கும் சராசரி வேகம் என்று கேட்டிருந்தால் விடை பூச்சியம், புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டீர்களே!

களுவாஞ்சிகுடி: சீரான ஆர்முடுகலுக்கு மட்டும் கூட்டிப் பிரிப்பது ஏன் சரிவருகிறது?

நல்ல கேள்வி பிள்ளை. ஓய்விலிருந்து புறப்படும் பஸ் 10 செக்கனில் செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தை எடுக்கிறது. வேக-நேர வரைபு ஒரு நேர்கோடு. அதன் கீழுள்ள முக்கோணத்தின் பரப்புத்தான் தூரம்: 100 மீற்றர். அந்த முக்கோணத்தின் மேல் நுனியை வெட்டி இடப்பக்க வெற்றிடத்தில் கவிழ்த்து வைத்தால், 10 உயரமுள்ள செவ்வகம் வரும். 14ஆம் நூற்றாண்டில் ஒக்ஸ்போர்ட் மேர்ட்டன் கல்லூரிக்காரர் இந்த விதியைச் சொன்னார்கள், பிரான்சின் அறிஞர் ஒரேம் படம் கீறிக் காட்டினார். இதே விதியைச் சொன்ன கலிலியோவின் நூல் வந்தது 1638இல்தான். கோடு வளைந்தால் இந்த வெட்டி ஒட்டும் வேலை நடக்காது.

காத்தான்குடி: அப்படியென்றால் 50ஆவது மீற்றரில் பஸ்ஸின் வேகம் 10.

இல்லை. 10 வருவது 5ஆவது செக்கனில். அப்போது பஸ் 25 மீற்றர்தான் போயிருக்கும்.

காத்தான்குடி: பாதி என்றால் பாதிதானே சேர்?

எதன் பாதி தம்பி? நேரத்தின் பாதி வேறு, தூரத்தின் பாதி வேறு. முதல் 5 செக்கனில் 25, அடுத்த 5 செக்கனில் 75. ஒன்றுக்கு மூன்று. நடுத்தூரத்தில் வேகம் 14.1.

மருதமுனை: காத்தான்குடிச் சகோதரர் சொல்வதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது.

ஆள் கூடினால் விடை மாறாது. வரைபைக் கீறுங்கள்.

பெரிய கல்லாறு: 20 மீற்றர் உயரத் தென்னையிலிருந்து தேங்காய் விழ எவ்வளவு நேரம்?

ஆர்முடுகலை 10 என்று எடுத்தால் 2 செக்கன். முதல் செக்கனில் 5 மீற்றர், இரண்டாவதில் 15. மரத்தடியில் நின்று யோசிக்காதீர்கள்.

வாழைச்சேனை: போக 30, வர 60. சராசரி 45?

40. ஏறாவூருக்குச் சொன்னதை வாசியுங்கள்.

அக்கரைப்பற்று: மின்னோட்டத்தில் ஒரு சந்தேகம்...

இன்றைக்கு இல்லை.

கல்லடி: வேகம் இரட்டித்தால் பிரேக் தூரமும் இரட்டிக்குமா?

நான்கு மடங்காகும். அமர்முடுகல் (வேகம் குறையும் வீதம்) 5 என்றால், செக்கனுக்கு 10 மீற்றரில் வந்த மோட்டார் சைக்கிள் 10 மீற்றரில் நிற்கும், 20இல் வந்தது 40 மீற்றரில். சராசரி வேகமும் இரட்டிக்கிறது, நிற்க எடுக்கும் நேரமும் இரட்டிக்கிறது, அதனால்தான். கை பிரேக்குக்குப் போகுமுன் ஓடும் தூரம் வேறு. கல்லடிப் பாலத்தில் முந்துகிறவர்கள் இதை ஒருதரம் கணித்துப் பார்க்கட்டும்.

காத்தான்குடி: கீறினேன் சேர். 50ஆவது மீற்றர் 7.07 செக்கனில் வருகிறது, வேகம் 14.1.

ஆ! மிச்ச 50ஐ எத்தனை செக்கனில் முடிக்கிறது?

காத்தான்குடி: மூன்றுகூட இல்லை.