கர்ப்ப காலத்தில் தடுப்பூசி போடலாமா?

கேள்வி: என் மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. ஊசி போட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். போடலாமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: தயங்காமல் போடுங்கள், அம்மா. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடப்படும் டிடி ஊசி, ரண ஜன்னியையும் தொண்டை அடைப்பானையும் தடுப்பது. அதில் உயிருள்ள கிருமி எதுவும் இல்லாததால், தாய்க்கோ சிசுவுக்கோ அந்த நோய்கள் அதனால் வர வழியில்லை. தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையைச் சென்றடைந்து, பிறந்த முதல் வாரங்களில், அதாவது தொப்புள் புண் ஆறாத, ஆபத்து மிகுந்த நாட்களில், அதைக் காக்கின்றன. தொப்புள் வழியே வரும் ரண ஜன்னிக்கு எத்தனையோ பச்சிளம் குழந்தைகளைப் பறிகொடுத்த நம் நாடு, 2015இல் அந்நோயை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டதில் கர்ப்பிணிகளுக்குப் போடப்பட்ட ரண ஜன்னித் தடுப்பூசிக்குப் பெரும்பங்கு உண்டு.

முதல் கர்ப்பம் என்றால், நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணைகள். கை வலியும் லேசான காய்ச்சலும் ஓரிரு நாளில் தணியும். கக்குவான் இருமல், ஃப்ளூ தடுப்பூசிகளைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். கக்குவானுக்கான குழந்தையின் சொந்த ஊசி ஆறாவது வாரத்தில்தான் தொடங்குகிறது; அதுவரை தாய் போட்டுக்கொண்ட ஊசியே அதைக் காக்கும். தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை மட்டும் இப்போது தவிர்த்து, பிரசவத்துக்குப் பின் போடலாம்.