பொம்மலாட்டத்தில் ஓபரா என்ற மேலைநாட்டு இசை நாடகத்தை எப்படி நடத்துகிறார்கள்? பொம்மை எப்படிப் பாடும்?

இப்போது பாட்டு பெரும்பாலும் ஒலிப்பதிவிலிருந்து வரும். நடிப்பு மட்டும்தான் பொம்மையுடையது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் சிற்பி அன்டன் ஐக்கர் 1913-இல் இப்படியொரு பொம்மலாட்ட அரங்கைத் தொடங்கினார். அங்கே முதலில் ஆடியது, இசையமைப்பாளர் மோட்சார்ட் 12 வயதில் எழுதிய 'பாஸ்டியனும் பாஸ்டியென்னும்' என்ற சின்ன நகைச்சுவை ஓபரா.

மேடைக்கு மேலே, பார்வையாளர் கண்ணில் படாத பாலத்தில் நின்று கலைஞர்கள் நூலை இழுக்கிறார்கள். முகம் மரத்தில் செதுக்கியது, மாறாது. அதனால் உணர்ச்சி முழுவதும் தலைச் சாய்விலும் தோள் அசைவிலும்தான்.

'மாயப் புல்லாங்குழல்' ஓபராவைப் பாருங்கள். பொய் சொன்னதற்காகப் பறவை பிடிப்பவன் பாப்பகேனோவின் வாயில் பூட்டு போட்டுவிடுவார்கள். அவன் 'ம்ம் ம்ம்' என்று முனகியே பாட வேண்டும். என்னைக் கேட்டால், இந்த இடத்தில் மனித நடிகரைவிட பொம்மைதான் அழகு. ஒரு நூல் தளர்ந்து தலை தொங்கினால் போதும், அவன் தவிப்பு அப்படியே நமக்குள் வந்துவிடும்.