நன்றி டைரி எழுதியும் மனசில் ஒன்றும் மாறவில்லையே, ஏன்?

கேட்டவர் சொல்வது இது: நண்பர்களையும், வழியில் தற்செயலாக எதிர்ப்பட்டு நல்லது செய்தவர்களையும் நன்றியோடு நினைத்தால் மகிழ்ச்சி வரும் என்று படித்துவிட்டுத் தினமும் டைரி எழுதினார். மூன்று வாரத்தில் அது வீட்டுப்பாடம் மாதிரி ஆகிவிட்டது. தன் மனசிலேயே ஈரம் இல்லையோ என்று பயப்படுகிறார். டைரியைக் கையால் எழுதுவதா, கைப்பேசியில் எழுதுவதா என்றும் கேட்டிருக்கிறார்.

ஈரமெல்லாம் இருக்கிறது. எழுதிய விதம்தான் சரியில்லை. அநேகமாக ராத்திரி தூக்கக் கலக்கத்தில் "நல்ல நண்பர்கள், நல்ல குடும்பம், ஆரோக்கியம்" என்று மூன்று வரி எழுதியிருப்பீர்கள். மறுநாளும் அதே மூன்று. நாலாம் நாளிலிருந்து கை மட்டும்தான் எழுதியிருக்கும்.

பழைய தமிழில் 'நன்றி' என்றால் நன்மை என்றே பொருள். அதனால்தான் 'செய்ந்நன்றி அறிதல்' என்றார்கள், அதாவது செய்த நன்மையை அறிதல். யார், எப்போது, என்ன செய்தார், அதற்காக எவ்வளவு மெனக்கெட்டார் என்று தெரிந்து வைத்திருப்பது. உணர்ச்சி தானாக வரும் என்று காத்திருப்பவருக்கு அது வருவதில்லை. விவரத்தைத் தேடுகிறவருக்குப் பெரும்பாலும் பின்னாலேயே வந்துவிடுகிறது.

முதலில் எவ்வளவு எழுதுவது என்று பார்ப்போம். நன்றியுணர்வு பற்றிய ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா இருவரும் 2003இல் வெளியிட்டது. அதன் முதல் பகுதியில் மாணவர்கள் வாரம் ஒருமுறை, பத்து வாரம், அதிகபட்சம் ஐந்து விஷயங்கள் எழுதினார்கள். மற்றப் பகுதிகளில் இரண்டு மூன்று வாரம் தினமும் எழுதியவர்களுக்கும் பலன் கிடைத்தது. ஆனால் சோன்யா லியுபோமிர்ஸ்கி குழுவினர் ஆறு வாரம் நடத்திய வேறொரு சோதனையில், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. அடிக்கடி செய்தால் மனம் பழகிப்போய், கடனே என்று ஆகிவிடுகிறது என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஆகவே வாரம் ஒரு நாள், பதினைந்து நிமிடம் போதும். படுக்கையில் சாய்ந்துகொண்டு எழுத வேண்டாம்.

ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு ஆள், அவர் செய்த ஒரே ஒரு காரியம். "நல்ல தோழி கிடைத்தது பாக்கியம்" என்பது யாருக்கும் பொருந்தும், அதனால் யாரையும் தொடாது. "பரீட்சைக்கு முந்தின நாள் தன் நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, கைப்பேசியில் எடுத்த மங்கலான படத்தை வைத்து அவள் படித்தாள்" என்பது அவளைப் பற்றியது. அவர் என்ன செய்தார், அதில் அவருக்கு என்ன இழப்பு, செய்யாமல் இருந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்களா, அதனால் உங்களுக்கு என்ன மாறியது. இந்த நாலையும் தொட்டு ஐந்தாறு வரி எழுதுங்கள். பெரும்பாலோர் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுவார்கள். உண்மையில் நெஞ்சை அசைப்பது இரண்டாவது.

தற்செயலாக அமைந்த நட்புகளுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. கழித்துப் பார்ப்பது. மின்கியுங் கூ, டேனியல் கில்பர்ட் உள்ளிட்டோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் துணையை எப்படிச் சந்தித்தோம் என்று எழுதியவர்களைவிட, சந்திக்காமலே போயிருக்க எப்படியெல்லாம் வாய்ப்பிருந்தது என்று எழுதியவர்களுக்கே உறவில் நிறைவு கூடியது. ஒரு நண்பரை எடுத்துக்கொள்ளுங்கள். முதன்முதலில் பார்த்த இடத்தை எழுதுங்கள். அந்தச் சந்திப்பு நடக்க எதெல்லாம் ஒன்றுகூட வேண்டியிருந்தது? தாமதமாக வந்த வண்டி, காலியாக இருந்த ஒரே இருக்கை, வேறொருவர் வராமல் போனது. மூன்று நான்கு தேறும். ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, அவர் இல்லாமல் போயிருந்தால் யார் யாரைத் தெரிந்திருக்காது, எந்த வேலைக்குப் போயிருக்க மாட்டோம் என்று தொடர்ந்து எழுதுங்கள்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "சந்திக்காமல் போயிருந்தால்" என்று தொடங்கி "நாளை அவரை இழந்துவிட்டால்" என்று போய்விடுவார்கள். முன்னது நடந்துவிட்ட நல்லதைக் காட்டும், பின்னது பயத்தைக் கிளப்பிவிடும். எதிர்காலத்துக்குப் போனீர்கள் என்றால் பேனாவை வைத்துவிடுங்கள். சமீபத்தில் இறந்துபோன நண்பரைப் பற்றி இந்தப் பயிற்சியைச் செய்யவே வேண்டாம்.

அடுத்தது, வாய்விட்டுச் சொல்வது. மார்ட்டின் செலிக்மன் குழு 2005இல் சோதித்ததில், நன்றிக் கடிதம் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர்களின் மகிழ்ச்சி சட்டென்று உயர்ந்து, சுமார் ஒரு மாதம் நின்றது. அதன்பின் தணிந்துவிட்டது. ஆகவே ஆண்டுக்கு மூன்று நான்கு பேருக்கு எழுதலாம். "அவருக்குக் கூச்சமாக இருக்காதா" என்ற தயக்கம் எல்லோருக்கும் வரும். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி இருவரும் 2018இல் அளந்தே பார்த்தார்கள்: பெறுபவருக்கு ஏற்படும் சங்கடத்தை எழுதுபவர்கள் கூடுதலாகவும், அவருடைய வியப்பையும் மகிழ்ச்சியையும் குறைவாகவும் கணித்திருந்தார்கள். அழகான வாக்கியம் அமையவில்லையே என்று நீங்கள்தான் தவிக்கிறீர்கள். படிப்பவர் அதைப் பார்ப்பதில்லை.

ஒரு பக்கம் போதும். அவருடைய குணத்தைச் சொல்லுங்கள், உங்கள் லாபத்தை மட்டும் சொல்லாதீர்கள். சாரா அல்கோ என்பவரின் ஆய்வுகளில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது: "எனக்குப் பணம் மிச்சமானது" என்பதைவிட "கேட்காமலே கவனிக்கிற மனசு உங்களுக்கு" என்பது கேட்பவரிடம் நெருக்கத்தைக் கூட்டுகிறது. அதே கடிதத்தில் பழைய சண்டைக்கு மன்னிப்பு வேண்டாம், புதிய உதவியும் கேட்க வேண்டாம். "நீ இல்லாவிட்டால் நான் செத்தே போயிருப்பேன்" என்பது அவர் தலையில் பாரம் ஏற்றும். பல வருடம் தொடர்பு விட்டுப்போனவருக்கு என்றால் ஒரு குறிப்பிட்ட நினைவு, "பதில் எழுத வேண்டும் என்றில்லை" என்ற ஒரு வரி, இவ்வளவுதான். தினமும் காலையில் பூப்படத்தோடு அனுப்பப்படும் வணக்கங்கள் இந்தக் கணக்கில் வராது. நூறு பேருக்கு ஒரே நேரத்தில் போவதில் எந்த ஒருவரையும் அறிவது இல்லை.

முன்பின் தெரியாதவர்கள் விஷயத்தில் ஒரு சிக்கல்: பிறகு தேடிப்போய் நன்றி சொல்ல முடியாது. அங்கேயே, அப்போதே, அவர் செய்தது இன்னது என்று குறிப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும். "நன்றிங்க" என்பதோடு "நீங்க நின்னு வழி சொல்லலைன்னா சுத்திக்கிட்டே இருந்திருப்பேன்" என்று ஒரு வாக்கியம் சேருங்கள். அன்றே குறித்தும் வையுங்கள். பெயர் தெரியாத முகம் சீக்கிரம் மறந்துபோகும், அவர் சொன்ன வார்த்தையைக் குறித்தால் நிற்கும்.

இப்படிப்பட்ட சந்திப்புகள் தானாக அமையக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் 2014இல் சிகாகோ ரயில், பேருந்துப் பயணிகளிடம் நடத்திய சோதனையில், அருகில் இருப்பவரோடு பேசினால் பயணம் கெடும் என்று மக்கள் கணித்தார்கள். பேசச் சொல்லி அனுப்பப்பட்டவர்களுக்கோ பயணம் கூடுதல் இனிமையாகவே அமைந்தது. இருவர் கண்ணுக்கும் தெரிகிற எதையாவது பற்றித் தொடங்குங்கள். இரண்டாவது கேள்வி அவர் சொன்ன பதிலிலிருந்து பிறக்க வேண்டும். பேச்சு வற்றுவதற்கு முன்பே நீங்களே முடித்துவிடுங்கள். காதில் ஒலிக்கருவி மாட்டியிருப்பவர், தனியே நிற்பவர், இருட்டு நேரம் என்றால் பேச்சே வேண்டாம். கல்லாவில் வேலையில் இருப்பவர் எழுந்து போக முடியாது, அவரிடம் அரை நிமிடம் போதும். "பெண்களுக்கு இது எப்படிப் பொருந்தும்" என்று யாராவது கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உள்ளுக்குள் எச்சரிக்கை மணி அடித்தால் அதைத்தான் கேட்க வேண்டும், எந்த ஆய்வையும் அல்ல.

இதை நோய்க்கு மருந்தாக நான் சொல்லவில்லை. 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2021ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றில் நன்றிப் பயிற்சிகளின் பலன் சிறியதுதான் என்கிறது. வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போயிருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். எப்போதோ செய்ததை ஆயுள் முழுக்கச் சொல்லிக்காட்டி, எதிர்த்துப் பேசினால் "நன்றி கெட்டவன்" என்று வாயடைக்கிறவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது அடிமைத்தனம். ஒருவரைப் பற்றி எழுதி முடித்ததும் தோள் கனத்தால், அது நன்றி இல்லை, கடன்பட்ட பயம். அந்தப் பெயரை எடுத்துவிட்டு வேறு ஆளைப் பற்றி எழுதுங்கள். அதில் பாவம் ஒன்றும் இல்லை.

கையாலா, கைப்பேசியிலா? எது கைக்கு வசதியோ அது. தேதியும் ஆளின் பெயரும், பெயர் தெரியாவிட்டால் இடமும், மேலே இருக்கட்டும். பன்னிரண்டு வாரம் கழித்துப் புரட்டும்போது ஒரே பெயர் நாலைந்து முறை வந்திருக்கும். முதல் கடிதத்தை அவருக்கு எழுதுங்கள்.