பெற்றோரின் பழைய திருமணப் படங்களைக் கொண்டு கையாலேயே ஒரு ஸ்கிராப்புக் ஆல்பம் செய்வது எப்படி?

பெற்றோரின் நாற்பதாம் ஆண்டு மணநாளுக்கு, 1980களில் எடுத்த கொங்குத் திருமணப் படங்களை வைத்துக் கையால் ஓர் ஆல்பம் செய்து கொடுக்க விரும்புவதாகவும், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் நடந்த என் பெற்றோரின் திருமணத்துக்கு இப்படி ஓர் ஆல்பம் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தாள், பசை, அலங்காரம் ஆகியவற்றைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், படங்களை எடுத்துக்கொண்டு வீட்டுப் பெரியவர்களிடம் போய் உட்காருங்கள். படத்தில் நிற்பவர் யார், அங்கே எந்தச் சீர் (திருமணச் சடங்கு) நடக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வதுதான் இந்த வேலையில் பெரும்பகுதி. ஒட்டுவதை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா; அம்மாவின் அப்பாவை அப்புச்சி என்போம்) மணமேடைப் படங்களை வேகமாகத் தள்ளிவிட்டு, பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்களின் படத்தைத்தான் நெடுநேரம் பார்த்தார். "இவன் உங்க அப்புச்சிக்குத் தம்பி முறை சாமி, காங்கயத்துல இருந்து மொத நாளே வந்து பந்தல் வேலையெல்லாம் பாத்தான்" என்று அவர் சொல்லும் வரையில் அந்த மனிதரை எங்களில் யாருக்கும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் பெயரோடு முறையையும் ஊரையும் சேர்த்து எழுதுங்கள். பெண்களின் பெயர்களை வலிந்து கேட்டு வாங்குங்கள் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். மொய் நோட்டில் பெரும்பாலும் குடும்பத் தலைவரான ஆணின் பெயரும் ஊரும்தான் இருக்கும். அந்த வீட்டிலிருந்து வந்து, விடிய விடியக் காய் நறுக்கி, மணப்பெண்ணுக்குப் பூ வைத்துவிட்ட பெண்களின் பெயர் எந்த ஏட்டிலும் இருக்காது. உங்கள் ஆல்பத்தில் எழுதாவிட்டால் அது வேறு எங்கும் எழுதப்படப் போவதில்லை.

அடுத்தது வரிசை. ஸ்டுடியோக்காரர் கொடுத்த ஆல்பங்களில் தாலி கட்டும் படமும், மேடையில் வரிசையாக வந்து நின்ற உறவினர்களின் படங்களும்தான் பக்கங்களை நிரப்பியிருக்கும். கொங்குத் திருமணத்தின் உயிர் அதற்கு வெளியே, சீர்களில் இருக்கிறது. உப்புச் சக்கரை மாற்றி உறுதி செய்தது, முகூர்த்தக்கால் நட்டது, நாட்டுக்கல்லை வணங்கியது, மணமகனின் உடன்பிறந்தாள் பங்கேற்ற இணைச்சீர், கங்கணம் கட்டியது என ஒவ்வொரு சீருக்கும், ஒரே ஒரு மங்கலான படம்தான் கிடைத்தது என்றாலும், தனிப் பக்கம் கொடுங்கள். சில சீர்களுக்குப் படமே இருக்காது. அந்தப் பக்கத்தை விட்டுவிடாமல், பெரியவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி வையுங்கள். வரிசையில் ஐயம் வந்தால், சீர்களை நடத்திவைக்கும் பெரியவரான அருமைக்காரர் ஒருவரைக் கேட்கலாம். சீர்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிச் செல்லும் மங்கல வாழ்த்துப் பாடலையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். நான் அதை வைத்துத்தான் பக்கங்களை அடுக்கினேன். அந்த வாழ்த்தைப் பாடியவர், சீர்களை நடத்திவைத்த அருமைக்காரர், நாதஸ்வரமும் தவிலும் வாசித்தவர்கள், மாத்துத் துணி விரித்தவர், சமையற்காரர் ஆகியோர் பழைய படங்களில் ஓரத்தில் பாதி உருவமாகத்தான் தெரிவார்கள். ஸ்கேன் செய்த பிரதியில் அந்தப் பகுதியை மட்டும் பெரிதாக்கி அச்சிட்டு, அவர்களுக்கும் ஓர் இடம் தாருங்கள். அவர்கள் இல்லாமல் அந்தத் திருமணம் நடந்திருக்காது.

மூலப் படங்களை வெட்டவோ ஒட்டவோ வேண்டாம். இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எல்லாவற்றையும் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்து, லேபில் கொடுத்துப் புதிய பிரதிகள் எடுத்து, அவற்றை வைத்து ஆல்பத்தைச் செய்யுங்கள். அக்காலத்து வண்ணப் படங்கள் பல, இருட்டில் வைத்திருந்தாலும்கூட, நீலச்சாயம் மங்கிப்போய்ச் செம்மையேறிக் கிடக்கும். ஸ்கேன் செய்த கோப்பில் வண்ணத்தைச் சீர்செய்தால் அம்மாவின் கூறைச்சேலை அதன் பழைய நிறத்துக்கு ஓரளவு நெருங்கி வரும். பசை தடவிய அட்டைமீது பிளாஸ்டிக் தாள் மூடிய ஆல்பத்தில் படங்கள் இருந்தால் கவனம் தேவை. அந்தப் பசை ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளாகிப் படத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். நகத்தால் நெம்பினால் படம் மடிந்து கிழியும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் விட்டு, அறுப்பதுபோல மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் பிரிந்து வந்துவிடும். எப்படியானாலும், பிரிப்பதற்கு முன்பு அந்தப் பக்கத்தை அப்படியே ஒரு முறை படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வராத படத்தை வற்புறுத்தாமல் விட்டுவிடுவது நல்லது.

தாளைப் பொறுத்தவரை, அமிலமும் லிக்னினும் (மரத்தில் இயல்பாக உள்ள ஒரு பொருள்) இல்லாதது என்று குறிப்பிட்டு விற்கும் தடித்த தாளையே வாங்குங்கள். செய்தித்தாள் சில மாதங்களிலேயே பழுப்பதற்கு லிக்னின்தான் காரணம். மலிவான சார்ட் அட்டையும் அந்த வழியில்தான் போகும். பக்கங்களைத் துளையிட்டுத் திருகாணியால் கோக்கும் வகை அட்டை கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் பெரியம்மா வீட்டுப் பரணில் இன்னொரு படம் கிடைத்தது என்று பின்னர் யாராவது கொண்டுவந்தால் நடுவில் ஒரு பக்கத்தைச் சேர்த்துவிடலாம். ஆல்பத்தின் முதுகுப் பகுதியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சிறு தாள் பட்டையைச் சேர்த்துக் கோத்தால், படங்களின் தடிமனால் ஆல்பம் வாய் பிளந்து நிற்காது.

படத்தைப் பிடித்து வைப்பதற்குப் பழைய கறுப்புத்தாள் ஆல்பங்களில் பார்த்திருப்பீர்களே, படத்தின் நான்கு முனைகளையும் செருகும் அந்தச் சிறு காகித மூலைகளைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. படத்தில் பசை படுவதில்லை, வேண்டும்போது கழற்றியும் விடலாம். செல்லோ டேப் மஞ்சளாகிக் கறை விடும். மரவேலைக்கான வெள்ளைப் பசையின் ஈரத்தில் தாள் நெளியும். வீட்டில் காய்ச்சும் மைதாப் பசை இராமபாணப் பூச்சிக்கு நாமே வைக்கும் விருந்து. பக்கங்களைப் பிளாஸ்டிக் உறையில் போடுவதாக இருந்தால் பிவிசி வேண்டாம். பாலிபுரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் என்று கேட்டு வாங்குங்கள்.

படங்களைத் தவிர என்னென்ன சேர்க்கலாம் என்பதும் உங்கள் கேள்வியில் இருந்தது. திருமண அழைப்பிதழை அவசியம் சேர்க்க வேண்டும், ஆனால் மூலையில் தடவிய மஞ்சளும் குங்குமமும் எதிர்ப்பக்கத்தில் படியும் என்பதால் அதைத் தனி உறையில் போட்டுச் செருகுங்கள். அன்று நண்பர்கள் அச்சடித்துக் கொடுத்த வாழ்த்து மடல் எந்த வீட்டிலாவது இருந்தால் தேடிப் பிடியுங்கள். அப்பாவின் இளமைக்காலத்து நட்பை அதைவிட நன்றாகச் சொல்லும் காகிதம் வேறு கிடையாது. மொய் நோட்டை முழுதும் வைக்காமல், ஒன்றிரண்டு பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஒட்டுங்கள். அப்போது எந்தெந்த ஊர்களிலிருந்து உறவுகள் வந்தன என்பதைப் பேரப்பிள்ளைகள் அதில் படித்துக்கொள்ளலாம். உலர்ந்த பூ, அட்சதை அரிசி, வெற்றிலை இவற்றை ஒட்ட வேண்டாம். பூச்சியும் கறையும் அவற்றோடு சேர்ந்தே வரும். கூறைச்சேலையின் ஜரிகை நூலும் காலப்போக்கில் கறுக்கக்கூடியது. சேலையைப் படமெடுத்து அச்சிட்டு வைத்தாலே போதும்.

எழுதுவதற்குப் பால்பாயின்ட் பேனாவும் தடித்த ஸ்கெட்ச் பேனாவும் ஏற்றவையல்ல. நீரில் கரையாத, நிறமி மை கொண்ட மெல்லிய பேனாவால், படத்தின் மீது அல்லாமல் தாளின் மீது எழுதுங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் பின்புறத்தில் ஏதேனும் குறிக்க வேண்டுமானால், மென்மையான பென்சிலால் ஓரத்தில் அழுத்தாமல் எழுதலாம். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு ஒரு பக்கமாவது தங்கள் கைப்பட எழுதும்படி கேட்டுக்கொள்ளுங்கள். பரிசாகக் கொடுக்கும் நாள் வரையில் மறைத்து வைக்க விரும்பினால், அந்தப் பக்கங்களை மட்டும் வெறுமையாக விட்டுவைத்து, கொடுத்தபின் எழுதி வாங்கலாம்.

முடித்த ஆல்பத்தை நிறுத்தி வைக்காமல் பீரோவில் படுக்கை வசத்தில் வையுங்கள். ஈரோட்டில் எளிதாகக் கிடைக்கும் காடாத் துணியை வாங்கி, கஞ்சி முழுதும் போகும்படி துவைத்துக் காயவைத்துச் சுற்றினால் தூசியும் வெளிச்சமும் படாது. பாச்சை உருண்டையை அதன் பக்கத்தில் போட வேண்டாம். ஐப்பசி கார்த்திகை அடைமழைக்குப் பிறகு வெயில் நேரடியாகப் படாத இடத்தில் திறந்து காற்றாட வைப்பது நல்லது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் இருந்தால் தென்மேற்குப் பருவமழை முடிந்தபின்னும் ஒரு முறை அப்படிச் செய்யுங்கள். மூலப் படங்களை உறையிலிட்டு வேறொரு பெட்டியில் வைத்துவிட்டு, ஸ்கேன் செய்த கோப்புகளை, யார் எவர் என்ற குறிப்புகளோடு சேர்த்து, உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.