நான்கு வாரம் சென்னைக்கு அனுப்பலாமா? ஒரு சட்ட மாணவியின் தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பில் மூன்றாம் ஆண்டில் இருக்கும் உங்கள் மகளுக்கு, கம்பெனிகளின் சட்ட வேலைகளைக் கவனிக்கும் ஒரு சென்னை நிறுவனம் நான்கு வாரப் பயிற்சிக்கு இடம் கொடுத்திருக்கிறது. உதவித்தொகை கிடையாது. பிறகு வேலை தருவோம் என்றும் சொல்லவில்லை. பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் தெரிந்த மூத்த வழக்கறிஞர் ஒருவர் இருக்கும்போது, இவ்வளவு செலவு செய்து அங்கே அனுப்பத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தின் கடைசியில் இன்னொரு வரியும் இருக்கிறது: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த பெண், அந்த ஆங்கில அலுவலகத்தில் கூனிக் குறுகிப் போய்விடுவாளோ என்று. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இந்தக் கடைசி வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அனுப்புங்கள். ஏன் என்று விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த மூத்த வழக்கறிஞர் விஷயம். இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளின்படி, ஐந்தாண்டுப் படிப்பு மாணவர்கள் படிப்பு முடிவதற்குள் குறைந்தது 20 வாரம் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம். எந்த ஆண்டிலும் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நிறுவனம் நான்கு வாரம் என்று சொன்னதற்கு இதுதான் காரணம். உங்கள் மகளைக் குறைத்து மதிப்பிட்டு அல்ல. விசாரணை நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் வாதாடும் வழக்கறிஞர்களிடம் ஒரு முறையாவது பயின்றிருக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். ஆகவே பாளையங்கோட்டைப் பெரியவரிடம் உங்கள் மகள் எப்படியும் போகத்தான் போகிறார். அடுத்த விடுமுறையை அதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். அந்தப் பெரியவரைப் பார்த்து இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் அவரும் மனம் கோணமாட்டார்.

கம்பெனி வேலை பார்க்கும் அலுவலகம் என்றால் என்ன? அங்கே வாதத்தைவிட வரைவு அதிகம். ஒரு தொழிற்சாலை நிலம் வாங்கும், ஒரு வங்கி கோடிக்கணக்கில் கடன் கொடுக்கும், ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியின் பங்குகளை வாங்கும், நேற்றுவரை ஒன்றாகத் தொழில் செய்த கூட்டாளிகள் இன்று பிரிவார்கள். இத்தனைக்கும் காகிதம் எழுத வேண்டும், எழுதிய காகிதத்தைச் சரிபார்க்க வேண்டும். தகராறு முற்றினால் நடுவர் மன்றம், வணிக நீதிமன்றம், ராஜாஜி சாலையில் இருக்கும் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் என்று போவார்கள். 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டம் முதலில் ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத வழக்குகளுக்கென்றுதான் வந்தது; 2018இல் அந்த வரம்பை 3 லட்சமாகக் குறைத்துவிட்டார்கள். ஆகவே இது பெரிய முதலாளிகளுக்கான சட்டம் மட்டும்தான் என்று இப்போது ஒதுக்கிவிட முடியாது. நெல்லையில் ஒரு மொத்த வியாபாரிக்கு வர வேண்டிய பாக்கிகூட வணிக வழக்காகலாம்.

பயிற்சிக்கு வந்தவரிடம் முதல் நாளே ஒப்பந்தம் எழுதச் சொல்ல மாட்டார்கள். பழைய வரைவையும் புதிய வரைவையும் ஒப்பிட்டு எது மாறியிருக்கிறது என்று குறிக்கச் சொல்வார்கள். 14ஆம் பிரிவு என்று சொல்லும் இடத்தில் உண்மையிலேயே 14ஆம் பிரிவுதான் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். தீர்ப்புகளைத் தேடி ஒரு பக்கக் குறிப்பு கேட்பார்கள். கேட்பதற்குச் சலிப்பாக இருக்கும். நான் பார்த்தவரை, இதைச் சலிக்காமல் செய்யும் மாணவர்களைத்தான் மூத்தவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்குகிறார்கள்.

இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டில் எந்தக் கம்பெனி நிலம் வாங்கினாலும், அந்த நிலத்தின் ஆவணங்கள் பெரும்பாலும் தமிழில்தான் இருக்கும். முந்தைய உரிமையாளர்களைக் காட்டும் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அடங்கல், பாகப்பிரிவினைப் பத்திரம், விடுதலைப் பத்திரம் என்று ஒரு கட்டு வந்து மேஜையில் விழும். முப்பது ஆண்டு வரலாற்றை அதிலிருந்து எடுத்து, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வேண்டும். மிகச் சிறந்த கல்லூரிகளிலிருந்து வரும் பிள்ளைகள் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். நன்செய், புன்செய், நத்தம், நான்கெல்லை, சுவாதீனம், அனுபோக பாத்தியதை ஆகிய சொற்களை அவர்கள் அகராதியில் தேடுவார்கள். உங்கள் மகள் அவற்றை வீட்டுத் திண்ணையிலேயே கேட்டு வளர்ந்தவர்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்த மாணவர் ஒருவர் இப்படியொரு அலுவலகத்தில் பயிற்சிக்குப் போனார். அவரும் தமிழ் வழிதான். முதல் வாரம் முழுவதும் வாயே திறக்கவில்லை என்று போனில் வருத்தப்பட்டார். இரண்டாவது வாரம், கிடங்கு கட்ட வாங்கவிருந்த ஒரு நிலத்தின் ஆவணங்களை அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். பத்திரத்தில் 1 ஏக்கர் 36 சென்ட் என்று இருந்தது. பட்டாவில் 0.49.50 என்று ஹெக்டேர் கணக்கு. மற்றவர்கள் இரண்டையும் அப்படியே அட்டவணையில் ஏற்றியிருப்பார்கள். இவர் பேனாவை எடுத்துப் பெருக்கிப் பார்த்தார். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர் என்றால், பட்டாப்படி கிட்டத்தட்ட 1 ஏக்கர் 22 சென்ட்தான் வருகிறது. 14 சென்ட் எங்கே? தன் கணக்குதான் தப்பு என்று நினைத்து மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி மூத்த வழக்கறிஞரிடம் காட்டியிருக்கிறார். விசாரித்தபோது, முன்னொரு காலத்தில் சாலைக்காக எடுத்த பகுதி பட்டாவில் கழிந்திருந்தது. பத்திரம் எழுதியவர் தாய்ப்பத்திரத்தின் பழைய அளவையே பார்த்து எழுதிவிட்டார் என்று தெரிந்தது. அன்றிலிருந்து தமிழ் ஆவணம் எது வந்தாலும் முதலில் அந்த மாணவரின் மேஜைக்குத்தான் போனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாகப்பிரிவினைப் பத்திரங்களில் 'பெண்மக்களுக்குச் சீர் செய்து கொடுத்துவிட்டபடியால்' என்று ஒரு வரி வரும். ஊரில் வளர்ந்த பெண்ணுக்கு அந்த வரியைப் பார்த்ததும் உள்ளே ஏதோ சுருக்கென்று தைக்கும். சட்டமும் அங்கேதான் தைக்கிறது. இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் திருமணமாகாத மகள்களுக்கு 1989லேயே தமிழ்நாடு பங்கு கொடுத்தது. 2005ஆம் ஆண்டு மத்தியத் திருத்தம் திருமணமானவர், ஆகாதவர் என்ற பாகுபாட்டையும் நீக்கியது. அதற்குப் பிறகு எழுதிய பிரிவினையில் மகள்களின் கையெழுத்து இல்லையென்றால், நிலம் வாங்கும் கம்பெனிக்கு அது பெரிய ஆபத்து. உங்கள் மகள் இதைக் குறித்துக் கொடுத்தால், அவருடைய ஆங்கில உச்சரிப்பை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அறிக்கை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ஆனால் அங்கே வேண்டியது சின்னச் சின்ன வாக்கியங்களில், பிழையில்லாமல், தேதியும் ஆவண எண்ணும் சரியாக இருக்கும் எழுத்து. அது பழகினால் வரும். புரியாத வேலையைக் கொடுத்தால், 'இதை இப்படித்தானே செய்ய வேண்டும்?' என்று உடனே திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள். புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு இரண்டு நாள் கழித்துத் தவறாகக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் கெட்ட பெயரை வாங்கித் தரும்.

ஐயா, உங்களுக்கென்றே ஒரு கண்டிப்பான வேண்டுகோள். இரவு போனில் பேசும்போது 'இன்று என்ன வேலை செய்தாய், எந்தக் கம்பெனி?' என்று கேட்காதீர்கள். பாசத்தில் கேட்பதுதான், தெரியும். கட்சிக்காரரின் ரகசியத்தைக் காப்பது வழக்கறிஞரின் சட்டப்படியான கடமை. அவரிடம் வேலை பார்ப்பவர்களையும் அது கட்டுப்படுத்தும். உங்கள் தம்பி பங்குச் சந்தையில் ஈடுபாடு உள்ளவர் என்று எழுதியிருக்கிறீர்கள். பங்குச் சந்தையில் உள்ள ஒரு கம்பெனியை இன்னொன்று வாங்கப் போகிறது என்ற செய்தி வெளியாகும் முன் உங்கள் மகள் வாயிலிருந்து வந்து, சித்தப்பா நூறு பங்கு வாங்கினாலும் அது குற்றம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் சட்டப்படி அதற்குக் குறைந்தபட்ச அபராதமே 10 லட்ச ரூபாய். 25 கோடி அல்லது லாபத்தின் மூன்று மடங்கு, இதில் எது அதிகமோ அதுவரை போகலாம். பேச்சைச் சாப்பாட்டோடும் தூக்கத்தோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். மகளும், வேலை சுலபமாகும் என்று நினைத்து அலுவலக ஆவணத்தைத் தன் கைப்பேசியில் படம் எடுப்பதோ, இணையத்தில் உள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஏற்றுவதோ கூடாது.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த அலுவலகத்திலும் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கென்று உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். பயிற்சிக்கு வருபவர்களுக்கும் அது பொருந்தும். அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள், மாலை எத்தனை மணிக்கு விடுவார்கள், நேரமானால் வண்டி ஏற்பாடு உண்டா என்று உங்கள் மகளே மின்னஞ்சலில் கேட்கட்டும். கேட்பதால் இடம் பறிபோகாது. விடுதியை அலுவலகத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். வாடகை கொஞ்சம் கூடினாலும் பஸ்ஸில் கழியும் இரண்டு மணி நேரம் மிச்சம். பயிற்சி கொடுக்கப் பணம் கட்டச் சொல்லும் இடமாக இருந்திருந்தால், வேண்டாம் என்று நானே எழுதியிருப்பேன். இது அப்படிப்பட்டதில்லை.

வேலை கிடைக்குமா? மூன்றாம் ஆண்டில் நான்கு வாரத்தை வைத்து யாரும் வேலை கொடுப்பதில்லை. நிறுவனங்கள் வேலைக்கு ஆள் எடுக்கும் எண்ணத்தோடு மாணவர்களைக் கவனிப்பது பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில். இந்த முறை அவர் சம்பாதிக்க வேண்டியது, 'மறுபடி வரலாம்' என்று ஒரு மூத்தவர் சொல்லும் அளவுக்கு நம்பிக்கை. கூடவே, இந்த வேலை தனக்குப் பிடிக்கிறதா என்ற தெளிவும். பிடிக்கவில்லை என்று வந்து சொன்னால் கோபப்படாதீர்கள். நீதிமன்றம்தான் தன் இடம் என்பதை இருபது வயதில் தெரிந்துகொள்வதும் அந்தச் செலவுக்குத் தகும்.

கிளம்புவதற்கு முன் இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. தடிமனான புத்தகம் எதுவும் வாங்கித் தர வேண்டாம். பீரோவில் இருக்கும் உங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்து மகளிடம் கொடுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை அவரே தேடட்டும், பட்டாவோடு ஒப்பிடட்டும். யாரிடமிருந்து யாருக்கு, எந்தத் தேதியில், என்ன ஆவண எண், எவ்வளவு அளவு என்று ஆங்கிலத்தில் ஒரே பக்க அட்டவணை போடட்டும். ஏதாவது பொருந்தவில்லை என்றால் அதைக் கீழே இரண்டு வரியில் எழுதட்டும். அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், திருத்தித் தருகிறேன். பத்திரத்தை எடுக்கும்போது தாய்ப்பத்திரத்தையும் சேர்த்து எடுத்துக் கொடுங்கள். அது இல்லாமல் அட்டவணை முழுமையாகாது.