பச்சை இறைச்சி சாப்பிடும் நாய்க்கு உணவுப் பொம்மை சரிவருமா?

உங்கள் கேள்வி இதுதான்: நாய்க்குப் பச்சை இறைச்சிதான் சாப்பாடு. உணவை உள்ளே வைத்துக் கொடுக்கும் பொம்மைகளைப் பற்றி யார் எழுதினாலும் உலர் உணவை மனதில் வைத்தே எழுதுகிறார்கள். நமக்கு அது சரிவருமா, ஈர இறைச்சியை உள்ளே வைத்தால் வீடு நாறிப் போகாதா?

சரிவரும். மூன்று வருடத்துக்கு மேலாக நான் செய்கிறேன். ஆனால் இறைச்சி வைத்த பொம்மையை விளையாட்டுச் சாமானாக நினைக்கக் கூடாது. குசினியில் கோழி வெட்டும் பலகையை எப்படிக் கவனமாகக் கழுவி வைப்போமோ, அப்படி அதையும் வைத்திருக்க வேண்டும். இது மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

நாங்கள் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில், ஒரு தொடர்மாடியின் நான்காவது மாடி. எங்கள் நாய் கறுப்பி, ஒழுங்கையில் நனைந்துகொண்டு நின்ற குட்டி, இப்போது 14 கிலோ. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறியபோது இறக்குமதி உணவுப் பை எங்கள் கைக்கு எட்டாமல் போனது. அப்போதுதான் ஒரு மிருக வைத்தியரிடம் கேட்டு, சதை 80 வீதம், எலும்பு 10, ஈரல் 5, மற்ற உள்ளுறுப்பு 5 என்ற கணக்கில் தொடங்கினோம். ஒரு நாளைக்கு உடல் எடையில் 2.5 வீதம், கறுப்பிக்கு 350 கிராம்.

சாப்பாடு ஒத்துக்கொண்டது. ஆனால் கிண்ணத்தில் வைத்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு பின்னேரம் முழுக்க வேலை இல்லாமல் கதிரைக் கால்களைக் கடித்தது. முற்றம் இல்லாத வீட்டில் நாய்க்கு அலுப்பு ஒரு பெரிய துன்பம். அதைப் பார்த்துக்கொண்டு இருப்பது எனக்கும் கஷ்டமாக இருந்தது. பொம்மை வாங்கியது அதற்காகத்தான்.

முதலில் வாங்கியது ஒற்றை ஓட்டையுள்ள ஒரு பந்து. அரைத்த இறைச்சியை அடைத்துக் கொடுத்தேன், பைப்புக்குக் கீழே பிடித்துக் கழுவி வைத்தேன். ஒரு கிழமையில் அலுமாரியைத் திறந்தால் மணம். கத்தியால் பந்தைப் பிளந்து பார்த்தேன். உள்சுவர் முழுக்கப் பழுப்பு நிறத்தில் வழுவழுப்பான ஒரு படலம், நகத்தால் சுரண்டினால் திரண்டு வந்தது. 82 வயது அம்மம்மா இருக்கும் வீட்டில் அதை ஒரு கிழமை வைத்திருந்திருக்கிறேன் என்று நினைத்தபோது கை நடுங்கியது.

அன்றிலிருந்து ஒரே ஒரு சோதனை: இரண்டு விரல் உள்ளே போய் எல்லாச் சுவரையும் தொட வேண்டும். தொட முடியாத பொம்மைக்குள் பச்சை இறைச்சி வைப்பதில்லை. ஒற்றை ஓட்டையில் இன்னோர் ஆபத்தும் உண்டு. நாய் நக்கும்போது உள்ளே காற்று வெற்றிடம் உருவாகி நாக்கு இழுபட்டுச் சிக்கிக்கொள்ளலாம். காங் போன்ற இறப்பர் பொம்மைகளின் மறுமுனையில் சின்ன ஓட்டை ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றுப் போக அப்படி இன்னொரு வழி இருப்பதையே வாங்குங்கள்.

ஈரமானதை உறைய வைக்க வேண்டும். அரைத்த மாட்டிறைச்சியுடன் அவித்து மசித்த பூசணி கொஞ்சம் சேர்த்து, சின்ன ஓட்டையைப் பூசணித் துண்டால் அடைத்து, பொம்மையைத் தலைகீழாக ஒரு கோப்பையில் நிறுத்தி நிரப்புவேன். ஓர் இரவு ஃபிரீசரில் இருந்தால் போதும். 100 கிராம் உள்ளே போனால் கிண்ணத்தில் 250தான் வைப்பேன். இந்தக் கழித்தலை மறந்தால் இரண்டு மாதத்தில் நாய் உருண்டுவிடும். முழு எலும்பை ஒருபோதும் உள்ளே திணிக்காதீர்கள், சிக்கும். எலும்பு வேண்டுமென்றால் அரைத்தது மட்டும்.

கறுப்பிக்கு இதைக் கொடுப்பது பல்கனியின் தரை ஓட்டில் மட்டும். இரண்டு முன்னங்காலாலும் பொம்மையை அணைத்துப் பிடித்து, காதைப் பின்னால் மடித்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நக்கும். உள்ளே இறைச்சி இளகி ஒரு கட்டி விடுபட்டதும் ‘டக்’ என்று சத்தம் வரும், உடனே வால் தரையில் அடிக்கும். நல்ல நாளில் இப்படி 25 நிமிடம் போகும்.

கொழும்பு வெக்கையில் நேரக் கணக்கு முக்கியம். 4 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடையில் கிருமி வேகமாகப் பெருகும். நம் பல்கனி மத்தியானத்தில் 30ஐத் தாண்டும். அரை மணித்தியாலத்தில் எடுத்துவிடுவேன், மிச்சம் குப்பைக்கு. திரும்ப உறைய வைப்பதில்லை. உறைய வைத்தால் சல்மொனெல்லா என்ற வயிற்றோட்டக் கிருமி செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது சாகாது, தூங்கும், இளகியதும் எழும்பும். நோய் எதுவும் காட்டாத நாயின் மலத்திலும் அது வெளியேறலாம். அமெரிக்க மிருக வைத்தியர் சங்கம் 2012இல் பச்சை இறைச்சி உணவை ஊக்குவிக்காத கொள்கையை எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரோ இருந்தால், பொம்மைக்குள் வேக வைத்த இறைச்சியையே வையுங்கள். நாய்க்கு அதனால் ஒரு குறையும் இல்லை. ஆனால் எலும்பை மட்டும் வேக வைக்கக் கூடாது, வெந்த எலும்பு கூராக உடையும்.

கழுவுவதுதான் உண்மையான வேலை. 2006இல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வில், சல்மொனெல்லா கலந்த பச்சை இறைச்சி வைத்த கிண்ணங்களைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்த பிறகும் பலவற்றில் அந்தக் கிருமி மிஞ்சியிருந்தது. பளபளவென்ற கிண்ணத்திலேயே அப்படியென்றால் பொம்மையின் வளைவுகளை யோசியுங்கள். நான் முதலில் பச்சைத் தண்ணீரில் கொழுப்பை அலசி, பிறகு சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டுப் போத்தல் பிரஷால் தேய்ப்பேன். அதன் பின் ஒரு லீட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி மணமில்லாத பிளீச் கலந்து பத்து நிமிடம் ஊற வைத்து, நன்றாக அலசி, வெயிலில் ஓட்டை கீழே பார்க்கக் காய வைப்பேன். ஈரத்தோடு எடுத்து வைத்தால் எல்லாம் வீண். இதற்கென்று தனி வாளி, தனி பிரஷ். உணவை ஒளித்து வைத்து நாயை மூக்கால் தேட விடும் துணிப் பாயில் பச்சை இறைச்சி வேண்டவே வேண்டாம்.

உருட்டினால் துண்டு விழும் பந்துகளுக்குக் காய்ந்த உணவுதான் சரி. கோழி இதயத்தை அவித்து, சின்னதாக வெட்டி, அவன் அடுப்பில் குறைந்த சூட்டில் மொறுமொறுப்பாகும்வரை வைத்து எடுப்பேன். பச்சை மட்டும்தான் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். ஒரு கைப்பிடி வெந்த துண்டால் எதுவும் கெட்டுவிடாது என்பது என் எண்ணம். ஈரலைக் காய வைத்து நிறையப் போடாதீர்கள். கறுப்பியின் அளவுக்கு நாளுக்கு 17 கிராம்தான் கணக்கு, அதிகமானால் விற்றமின் ஏ கூடும். கடை நெத்தலிக் கருவாடு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தாலும் உப்பு அதிகம், அது வேண்டாம். வெங்காயம், உள்ளி, பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை), சைலிட்டோல் என்ற இனிப்பூட்டி சேர்ந்த கச்சான் பட்டர் எதையும் கலக்கக் கூடாது.

பொம்மை வாங்கக் காசில்லாத மாதங்களில் தேங்காய்ச் சிரட்டையில் இறைச்சியை அழுத்தி உறைய வைத்துக் கொடுத்திருக்கிறேன். நக்கி முடிக்கும்வரை பக்கத்தில் இருந்து, கடிக்கத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும், சிரட்டை கூராக உடையும்.

போயா (பௌர்ணமி) தினத்தில் இறைச்சிக்கடை திறக்காது என்பதால் மூன்று பொம்மைகளை நிரப்பி ஃபிரீசரில் வைத்திருப்பேன். கறன்ட் நீண்ட நேரம் போய்த் திரும்பினால் தொட்டுப் பார்ப்பேன், மெத்தென்று இருந்தால் எறிந்துவிடுவேன். 2022 மின்வெட்டில் 13 மணித்தியாலம் கறன்ட் இல்லாத நாளில் எல்லாமே குப்பைக்குப் போனது, வயிறு எரிந்தது.

அப்புறம், முதல் நாளே கல்லாக உறைந்ததைக் கொடுக்காதீர்கள். நாய் இரண்டு தரம் நக்கிவிட்டு விலகிப் போய்விடும். முதலில் உறையாத இறைச்சியைத் தளர்வாக, பொம்மையின் வாயில் கொஞ்சம் வெளியே தெரிய வைத்துக் கொடுங்கள். பிறகு ஒரு மணித்தியாலம் உறைந்தது, பிறகு மூன்று. கறுப்பி முழுதாக உறைந்த பொம்மைக்கு வர மூன்று கிழமை எடுத்தது.